பேசுவது ஒருவர், ஓடுவது பதினொருவர்

விராட மன்னனின் குமாரன் உத்தரனை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. நல்ல சாரதி ஒருவன் மட்டும் கிடைத்தால் கௌரவ சேனையைத் தானொருவனாகவே முறியடித்துப் பசுக்களை மீட்டு வருவதாக அவன் அந்தப்புரத்துப் பெண்கள் நடுவே வீரம் பேசினான். சேனையைக் கண்ணால் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடத் தலைப்பட்டான். இக்கதையைச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. ஆயினும் உத்தரனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தான் பேசிய பேச்சுக்குத் தானே போர்க்களம் போனான். பேசுகிறவர் ஒருவர், களத்தில் இறங்குகிறவர்கள் வேறு பதினொருவர் என்றால் என்ன ஆகும்?

கால்பந்துக் கோஷ்டியின் பயிற்சியாளர் நிலைமை இத்தகையதே. பந்தயத்துக்கு முன்னர்ப் பத்திரிகை நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஜயம் எங்களுக்கே என்று அவர் சொன்னால் மறுநாள் அது கொட்டை எழுத்தில் வெளியாகிறது. சொன்னவர் மைதானத்தின் ஓரத்தில் இருப்பார். அச்சொல்லை மெய்ப்பிக்க வேண்டிய கால்கள் பிறருடையவை. ஒருவர் கையெழுத்திட்டு வாங்கிய கடனைப் பதினொருவர் அடைக்க வேண்டியதாகிறது. இத்தகைய பகிரங்கப் பெருமை கோஷ்டிக்கு அனுகூலமா, பிரதிகூலமா? தலைவனுக்கே நம்பிக்கை இல்லையென்றால் வீரர்களுக்கு எங்கிருந்து வரும் என்பர் ஒரு சாரார். எதிரியைத் தட்டி எழுப்பிச் சொந்த வீரர்களின் தோளில் வீண் பாரம் ஏற்றுவதே அதன் பலன் என்பர் மற்றொரு சாரார். இரு கட்சியாருக்கும் சரித்திரத்தில் சாட்சிகள் உண்டு.

முதற் சாட்சி இங்கிலாந்தின் ஆல்ப் ராம்ஸே. 1963-ம் வருஷத்தில், தாம் பொறுப்பேற்ற புதிதில், 1966-ல் நடக்கவிருந்த உலகக் கோப்பையை இங்கிலாந்தே வெல்லும் என்று அவர் அறிவித்தார். அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில்தான், அவருடைய தலைமையில் நடந்த முதற் பந்தயத்தில், பிரான்ஸ் தேசத்தார் இங்கிலாந்தை 5-2 என்ற கணக்கில் தோற்கடித்திருந்தார்கள். ஆகவே இது வெறும் வீம்பாகத் தோன்றக் கூடிய பேச்சு. ஆனால் ராம்ஸே இயல்பில் மிதபாஷி. அவருக்கு முன்பெல்லாம் ஒரு கமிட்டியார் கூடி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அவ்வதிகாரம் முழுவதையும் தமக்கே தர வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். தோல்வி நேர்ந்தால் பழியைப் பங்கிட்டுக்கொள்ள வேறொருவர் இல்லாதபடி செய்துகொண்டார் என்பதே இதன் பொருள். பின்னர் மூன்று வருஷ காலம் ஆட்களையும் ஆட்ட முறையையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். 1966 ஜூலை 11-ந் தேதி உருகுவேயுடன் நடந்த முதற் பந்தயத்தில் எக்கட்சிக்கும் கோல் விழவில்லை. அதற்காக அவர் நிலைகுலையவில்லை. ஜூலை 30-ந் தேதி லண்டன் மாநகரின் வெம்பிளி மைதானத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று இங்கிலாந்து கோப்பையை ஏந்தியது.

நிற்க. இரண்டாவது சாட்சி வடக்கே ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1978-ல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறவில்லை; பிரிட்டனிலிருந்து ஸ்காட்லாந்து மட்டுமே சென்றது. பெரிய அண்டை நாட்டின் நிழலில் வாழும் சுமார் 50 லட்சம் ஜனங்களுக்கு அது எத்தகைய பூரிப்பை அளித்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். பயிற்சியாளர் ஆலி மக்லௌட் அப்பூரிப்புக்கு நெய் வார்த்தார். பதக்கத்துடன் திரும்புவோம் என்றார். இந்தப் போட்டி முடிந்த பின் என்ன செய்ய உத்தேசம் என்று கேட்டதற்கு, வென்ற கோப்பையைத் தக்கவைத்துக்கொள்ளப் போவதாக விடையளித்தார் என்று இன்றும் சொல்வார்கள். கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் மைதானத்தில் சுமார் 25,000 ஜனங்கள் கூடி, ஜயித்து வந்தவர்களை வரவேற்பதுபோல் கோஷ்டியை வழியனுப்பினார்கள். அதே மைதானத்தில் அதே மே மாதம் ஆடிய மூன்று பந்தயங்களில் ஒன்றிலேனும் ஸ்காட்லாந்து ஜயித்திருக்கவில்லை. வட அயர்லாந்துடனும் வேல்ஸுடனும் 1-1; இங்கிலாந்திடம் 1-0 என்று தோல்வி. ஆரவாரத்தில் இந்தக் கணக்கு எவர் காதிலும் ஏறவில்லை.

ஜூன் 3-ந் தேதி பெரு நாட்டாருடன் முதற் பந்தயம். ஸ்காட்லாந்துதான் முதல் கோலைப் போட்டது. பிறகு பெரு சமன் செய்தது. ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த பெனால்டி வீணாயிற்று. கியூபில்லாஸ் என்ற வீரர் இரண்டு கோல்கள் அடித்தார். முடிவு 3-1. பெருவின் ஆட்டத்தை மக்லௌட் நேரில் சென்று பார்த்து வரவில்லை என்பது பின்னர்ப் பெருங் குறையாகப் பேசப்பட்டது. ஒரு வீரர் தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டதாகச் சோதனையில் தெரிந்து ஊருக்கு அனுப்பப்பட்டார். ஜூன் 7-ந் தேதி ஈரானுடன் 1-1. கடல் கடந்து உடன் வந்திருந்த ரசிகர்களே தங்கள் வீரர்களைப் பார்த்துக் கூச்சலிட்டு ஏசினார்கள். எல்லாம் கெட்ட பிறகு, ஜூன் 11-ந் தேதி, இறுதிப் பந்தயம் வரை செல்லவிருந்த ஹாலந்தை அதே வீரர்கள் 3-2 என்று வென்றார்கள்! மேலே செல்ல மூன்று கோல் வித்தியாசம் தேவைப்பட்டதால் அந்த அரிய வெற்றியும் பயன்படாமற் போயிற்று. திறமை இருந்தது, முன்னேற்பாடுதான் இல்லை. பேச்சொன்றே தோல்விக்குக் காரணம் என்பது நியாயமாகாது. ஆனால் செய்ய வேண்டிய காரியம் செய்யப்படாமல் இருப்பதை அப்பேச்சு எல்லோர் கண்ணிலிருந்தும் மறைத்தது.

மூன்றாவது சாட்சி இரு கட்சிக்கும் பொதுவானவர்: போர்ச்சுகல் தேசத்து ஜோஸே மொரீன்யோ. 2004 ஜூன் மாதம் லண்டனின் செல்ஸீ கோஷ்டிக்குப் பொறுப்பேற்றபோது, தாம் விசேஷமான ஒருவர் என்று நிருபர்களிடம் சொல்லிக்கொண்டார். அப்பெருமை அவரைப் பற்றியது, ஆட்டக்காரர்களைப் பற்றியதன்று. ஆகவே நிருபர்களின் பார்வையும் வசையும் அவர்மீது பாய்ந்தன. வீரர்கள் அவர் நிழலில் நின்று அமைதியாக ஆடினார்கள். 38 பந்தயங்களில் ஒன்றில் மட்டுமே தோற்று, 15 கோல்களே விட்டுக்கொடுத்து, 95 புள்ளிகளுடன், 50 வருஷங்களுக்குப் பிறகு செல்ஸீ லீக் பட்டத்தை வென்றது.

செல்ஸீக்கு இரண்டாம் முறை வந்த அதே மனிதர், 2015 டிசம்பர் 14-ந் தேதி லெஸ்டர் கோஷ்டியிடம் 2-1 என்று தோற்ற இரவில், தம்முடைய உழைப்புக்குத் துரோகம் இழைக்கப்பட்டதாகப் பகிரங்கமாக உரைத்தார். குடையாக நின்றவர் குடையை மடக்கி அதனாலேயே வீரர்களை அடித்தார் எனலாம். மூன்றாம் நாள் அவருடைய பதவி போயிற்று. அவ்வருஷம் மே மாதத்தில் பட்டம் வென்ற செல்ஸீ அப்போது 16-வது இடத்தில் கிடந்தது. அன்றிரவு எதிர்ப்புறத்தில் இருந்த லெஸ்டரின் பயிற்சியாளர் ரானியேரியோ, 40 புள்ளிகள் சேர்த்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்புவதே நோக்கம் என்று பல மாதங்களாகச் சொல்லி வந்தவர். 2016 மே மாதத்தில் 81 புள்ளிகளுடன் லெஸ்டர் சாம்பியன் ஆயிற்று.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பெருமை பேசுவது தன்னளவில் மருந்துமன்று, விஷமுமன்று. அந்தப் பேச்சின் பாரம் யார் தோளில் இறங்குகிறது, பேச்சுக்குப் பின்னால் வேலை நடக்கிறதா என்ற இரண்டையும் கவனிக்க வேண்டும். பாரத்தைத் தாமே சுமந்து, வேலையையும் செய்கிற தலைவரின் பெருமை வீரர்களுக்குக் கவசமாகிறது. பாரத்தைப் பிறர் தலையில் வைத்து, வேலைக்குப் பதிலாகப் பேச்சை வைப்பவரின் பெருமையோ அவர்கள் காலில் கட்டிய கல்லாகிறது.

இது மைதானத்தோடு நிற்கும் விஷயமன்று. பரீட்சைக்கு முன்பே, எங்கள் பையன்தான் முதல் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்கும் தந்தையும் ஒரு வகையில் பயிற்சியாளரே. அவர் சொல்லியாயிற்று, பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியவன் சிறுவன். அவனிடம் நம்பிக்கை இருந்தால் அதை அவனிடமே தனியாகச் சொல்வது நலம். ஊராரிடம் சொல்வதற்குப் பரீட்சை முடிவு வந்த பிறகு வேண்டிய அவகாசம் உண்டு.