இரண்டு புள்ளிகளும் ஒரு வேலிப் பொட்டும்

காவல் மென்பொருளே கள்வனுக்கு வழிவிடுவது எவ்வாறு சாத்தியம் என்று கோப்பாயிலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருள், ஒவ்வொரு கணினியிலும் நுழைந்து நலம் விசாரிக்க வேண்டியிருப்பதால், பல வீட்டுத் திறவுகோல்களைத் தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறது. ஆகவே அதன் வேலியில் விழும் பொட்டு, ஊர் வேலி முழுவதிலும் விழுந்த பொட்டேயாகும்.

சென்னையின் ஸோஹோ நிறுவனம் செய்த ‘ஒப்மனேஜர்’ அத்தகையதொரு காவலன். வெளியிலிருந்து வரும் கோப்புகளை வாங்கி வைக்கும் அதன் பகுதியொன்று, கொண்டுவருபவர் யாரென்று கேளாததோடு, எங்கே வைப்பதென்ற தீர்மானத்தையும் அவரிடமே விட்டிருந்ததை, 2014இல் பெட்ரோ ரிபேரோ என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். என் மனத்தை விட்டு அகலாத விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. கணினியின் பாஷையில் அடுத்தடுத்து இட்ட இரண்டு புள்ளிகளுக்கு, ‘இந்த அறையை விட்டு இதற்கு மேலுள்ள அறைக்குப் போ’ என்று பொருள். கோப்போடு சேர்த்தனுப்பும் பிராந்திய அடையாளத்தை எழுத வேண்டிய இடத்தில் அப்புள்ளிகளை எழுதிவிட்டால், விறாந்தையில் கிடக்க வேண்டிய பொதி அறையறையாய்க் கடந்து அடுக்களைக்கே போய்ச் சேரும். அங்கே ‘வார்’ என்னும் வகைப் பொதி வந்து விழுந்தாலோ, சேவையகம் அதைத் தானே பிரித்து, உள்ளே எழுதியிருப்பதை எஜமானின் ஆக்ஞையாகப் பாவித்து நிறைவேற்றிவிடும்!

சங்கடப் படலைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு நிம்மதியாய் உறங்கிய எங்கள் அப்பு, கிணற்றடி வேலியில் நாய் போய்வந்த பொட்டைப் பொருட்படுத்தியதில்லை; வாழைக்குலை போனது அதன் வழியாகத்தான்.

செல்லரிக்காத கிடுகு எங்குமில்லை. பொட்டு விழுவதை நான் குற்றமாகச் சொல்லேன், வேலியடைப்பை ஒத்திப்போடுவதையே சொல்வேன். அதே நிறுவனத்தின் வேறொரு மென்பொருளில், ஊழியர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள உதவுவதில், கண்ட ஓட்டைக்கு 2021 செப்டெம்பரிலேயே திருத்தம் வெளியாகியிருந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு அதை உரிய காலத்தில் இடவில்லை. நவம்பர் 9ஆந் தேதி நுழைந்தவர்களை 2022 ஜனவரி 18ஆந் தேதி கண்டறிந்தபோது, 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அந்நியர் கைக்கு எட்டியிருந்தன: யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் உறவைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் குடும்பத்தார்.

செஞ்சிலுவைக்காரர் ஒரு செய்தி கொண்டுவர மாட்டாரா என்று படலையில் நின்ற தாய்மார் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தேடுபவர் பெயர், தேடப்படுபவர் பெயர், கடைசியாகக் கண்ட இடம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தவற்றைப் போன்ற விபரங்களே அந்த அடுக்களையில் இருந்தன.