நிறுத்திய குளிசையைத் தொடங்கும் நாள்

வயலில் புடையன் கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் இரத்தம் குழாயோடு ஒட்டி நிற்கும். தண்ணீர் போல வழிந்தால் விஷம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வயல் செய்கிற குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்புப் புதிதில்லை. உறையாத இரத்தம் என்ன செய்யும் என்று வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதே நிலையை அளவோடு, வேண்டுமென்றே உடம்புக்குள் வைத்திருப்பதற்காகவே சிலர் தினமும் குளிசை போடுகிறார்கள். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள், நெஞ்சு ஒழுங்கில்லாமல் துடிப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ ஒருமுறை இரத்தக்கட்டி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள். கிளினிக் வரிசையில் இதை ‘இரத்தம் மெல்லிதாக்கிற குளிசை’ என்பார்கள். பெயர்தான் பிழை. இரத்தம் மெல்லிதாவதில்லை, உறைய எடுக்கும் நேரம் நீள்கிறது. சுருட்டைப் பாம்பின் விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்து உருவாக்கிய டைரோஃபிபான் என்ற ஊசிமருந்தை மாரடைப்புக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். விஷமும் மருந்தும் அவ்வளவு கிட்டத்து உறவு.

இப்படிக் குளிசை போடுகிறவருக்குச் சத்திரசிகிச்சை என்று வந்தால் சிக்கல் தொடங்குகிறது. நிறுத்தாவிட்டால் மேசையில் இரத்தம் நிற்காது. நிறுத்தினால் வால்விலோ மூளையிலோ கட்டி உருவாகலாம். ‘எப்ப நிப்பாட்டுறது?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். ‘எப்ப திரும்பத் தொடங்கிறது?’ என்று கேட்பவர் குறைவு. காயம் ஆறி, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்து சில கிழமைகளுக்குப் பிறகு பக்கவாதத்தோடு திரும்பி வருகிறவரின் கதையில் தொலைந்துபோயிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

இந்தக் குளிசைகளில் மூத்தது வார்ஃபரின். அதன் கதையும் ஒரு சத்திரசிகிச்சையில்தான் தொடங்குகிறது, ஆனால் அது மாட்டுக்கு நடந்தது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கொம்பு அறுத்த, நலமடித்த மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளே அப்படிச் சாகின்றன என்று மிருகவைத்தியர் பிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டுபிடித்தார். 1933இல் விஸ்கொன்சின் விவசாயி ஒருவர், செத்த நாகும் ஒரு பாற்கேன் நிறைய உறையாத இரத்தமுமாகப் பனிப்புயலில் வண்டியோட்டி வந்து, பல்கலைக்கழக இரசாயனவியலாளர் கார்ல் லிங்கின் வாசலில் நின்றார். லிங்கின் ஆய்வுகூடம் அந்த வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே, மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு அதைக் கொடுத்தார்கள். எலிமருந்து என்று கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியைச் சொல்லலாம்.

வார்ஃபரினை ஏன் ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும்? இரணைமடுக் குளத்தின் துருசை நினைத்துப் பாருங்கள். துருசைப் பூட்டினாலும் வாய்க்காலில் ஏற்கனவே ஓடுகிற தண்ணீர் வடிந்து முடியும்வரை வயல் காயாது. திறந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் உடனே போய்ச் சேராது. ஈரல், விற்றமின் கே உதவியோடு, இரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களை உண்டாக்குகிறது. வார்ஃபரின் பூட்டுவது அந்தத் துருசைத்தான். குளிசையை நிறுத்திய அன்றே இரத்தம் பழையபடி உறையாது, புதுப் புரதங்கள் சேர நாலைந்து நாள் வேண்டும். திரும்பத் தொடங்கினாலும் அப்படித்தான், முழுப் பாதுகாப்பு வர ஐந்து நாள் அளவில் பிடிக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளி ஒரு பாதுகாப்பில்லாத இடைவெளியைக் கடக்கிறார். எத்தனை நாள் அந்த இடைவெளி என்று கணக்குப் போடுவதுதான் வைத்தியரின் வேலை.

முத்தையன்கட்டில் வயல் செய்கிற ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஐம்பது தாண்டியவர். இதயத்தின் இடது பக்க மைத்திரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு. யாழ்ப்பாணத்தில் இதய கிளினிக். இப்போது குடலிறக்கம் வந்து, திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. அவருடைய கடைசி வார்ஃபரின் அதற்கு முந்தைய செவ்வாய் இரவு. புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து இரவு குளிசை இல்லை. உலோக மைத்திரல் வால்வு கட்டி பிடிக்க ஆபத்துக் கூடிய இடம், ஆதலால் வெள்ளிக்கிழமையிலிருந்து வயிற்றுத் தோலின் கீழ், இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனொக்சபரின் ஊசி, காலையும் மாலையும். கடைசி ஊசி ஞாயிறு காலை, கத்திக்கு 24 மணித்தியாலம் முன்பு. ஞாயிறே, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை. அது 1.5இற்குக் கீழே இருந்தால் திங்கள் போகலாம். சிக்கலில்லாமல் முடிந்தால் திங்கள் இரவோ செவ்வாய் இரவோ வழமையான அளவில் வார்ஃபரின். இரத்தக்கசிவு இல்லையென்றால் மறுநாள் ஊசியும் திரும்பத் தொடங்கும். ஐ.என்.ஆர். அவருக்குரிய எல்லைக்கு ஏறும்வரை ஊசி நிற்காது. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஊசிக்கு இரண்டு மூன்று நாள் பொறுப்பார்கள்.

இந்தக் கணக்கை வாசித்துவிட்டு வீட்டில் யாரும் குளிசையை நிறுத்தக் கூடாது. எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. ஊசியே தேவைப்படாதவர்கள்தான் அதிகம். ஒழுங்கற்ற துடிப்புக்காக வார்ஃபரின் எடுத்த 1,884 பேரை வைத்து நடந்த ‘பிரிட்ஜ்’ ஆய்வு 2015இல் வெளிவந்தது. இடையில் ஊசி போடாதவர்களில் கட்டி அடைத்தது 0.4 வீதம், போட்டவர்களில் 0.3 வீதம். வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பெரிய இரத்தப்போக்கோ முறையே 1.3 வீதமும் 3.2 வீதமும். அதற்கு முன்பு நல்லது என்று நினைத்துப் போட்ட எத்தனையோ ஊசிகள் கெடுதலைத்தான் கூட்டியிருக்கின்றன. உலோக மைத்திரல் வால்வுக்காரர் வேறு, வெறும் துடிப்புக்காரர் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார்கள், எனக்கு ஏன் போடவில்லை என்று சண்டை பிடிப்பதற்கு முன் இதை நினைக்கலாம்.

சின்னச் சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையில்லை. ஐ.என்.ஆர். சரியான எல்லைக்குள் இருந்தால் ஒன்றிரண்டு பல்லுப் பிடுங்கவும், சொட்டுமருந்தால் விறைக்கவைத்துச் செய்யும் கண்புரைச் சிகிச்சைக்கும் வார்ஃபரின் போட்டபடியே போகலாம். பல்லு வைத்தியரிடம் சொல்லப் பயந்து தானாகவே நாலு நாள் நிறுத்திவிட்டுப் போகிறவர்தான் ஆபத்தைத் தேடிப் போகிறார். தோலில் ஓட்டை போடுவது வைத்தியசாலையில் மட்டும் நடப்பதில்லை. வற்றாப்பளைக்குக் காவடி நேர்ந்துவிட்டு, செடில் குத்துவதற்காகக் குளிசையை நிறுத்துகிறவருக்கும் அதே ஆபத்துத்தான். நேர்த்தியைப் பாற்செம்பாக மாற்றலாமா என்று கோயிலில் கேட்பதில் தவறில்லை.

டபிகட்ரான், ரிவரொக்சபான் போன்ற புதிய குளிசைகளும் இப்போது வருகின்றன. இவை துருசைப் பூட்டுவதில்லை, ஓடுகிற தண்ணீரையே மறிக்கின்றன. அதனால் ஏறுவதும் இறங்குவதும் விரைவு. சின்னச் சத்திரசிகிச்சைக்கு ஒரு நாளும் பெரியதற்கு இரண்டு நாளும் முன்னதாக நிறுத்தினால் பெரும்பாலும் போதும், ஊசியும் வேண்டியதில்லை. ஆனால் உலோக வால்வுக்கும், வாதக்காய்ச்சலால் மைத்திரல் வால்வு சுருங்கித் துடிப்புக் கெட்டவர்களுக்கும் இவை உதவாது. 2022இல் வெளிவந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வில், வாதக்காய்ச்சல் இதயநோயும் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களை ரிவரொக்சபானைவிட வார்ஃபரின் வகையே நன்றாகக் காத்தது. எலிமருந்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புதிய குளிசைகளில் வன்னிக்கு முக்கியமான பிரச்சினை சிறுநீரகம். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களும் அதில் தப்பவில்லை. டபிகட்ரானின் பெரும்பகுதி, ஏறக்குறைய 80 வீதம், சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பாதியளவு இயங்குகிறவருக்கு அதே குளிசை உடம்பில் தங்கியே நிற்கும். பெரிய சத்திரசிகிச்சைக்கு இரண்டு நாளுக்குப் பதிலாக நாலு நாள் முன்பு நிறுத்த வேண்டிவரும். எனொக்சபரினும் இப்படித்தான், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு வழமையான அளவு விஷமாகலாம். ஆகவே சத்திரசிகிச்சை நாள் குறிக்கும்போது கிரியற்றினின் சோதனையும் கையில் இருக்க வேண்டும். சிறுநீரக கிளினிக்குக்கு வேறு புத்தகம், இதய கிளினிக்குக்கு வேறு புத்தகம் என்று வைத்திருப்பவர் இரண்டையும் கொண்டுபோனால்தான் கணக்குச் சரிவரும்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் கதை தனி. அஸ்பிரினும் குளோபிடோகிறலும் இரத்தத் தட்டுகளை வேலை செய்யாமல் ஆக்குகின்றன. ஒரு தட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். கெட்ட தட்டுகள் செத்துப் புதியவை பிறக்கும்வரை மருந்தின் வேலை தொடரும். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஆறு மாதத்துக்குள் இரண்டில் ஒன்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். ஆகையால் தள்ளிப்போடக்கூடிய சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள். மாரடைப்போடு வைத்த ஸ்டென்ட் என்றால் ஒரு வருடம்வரை பொறுப்பதுண்டு. முள்ளந்தண்டில் ஊசி போட்டு விறைக்கவைக்கும் முறையில், குளோபிடோகிறலோ வார்ஃபரினோ புதிய குளிசைகளோ உடம்பில் இருந்தால் தண்டுவடத்தருகே இரத்தம் கட்டி இரு காலும் வழங்காமல் போகலாம். மயக்கமருந்து வைத்தியர் ‘என்ன குளிசை போடுறீங்கள்?’ என்று கேட்கும்போது ‘நெஞ்சுக் குளிசை’ என்று மட்டும் சொன்னால் போதாது. வெறும் பெட்டியானாலும் பரவாயில்லை, கொண்டுபோய்க் காட்டுங்கள். குளிசையின் நிறத்தை நம்பக் கூடாது, கம்பனிக்குக் கம்பனி மாறும்.

வன்னியில் இன்னொரு கூட்டமும் உண்டு. ‘உடம்பில பீஸ் இருக்கு’ என்பவர்கள். யுத்தத்தில் பட்ட எறிகணைத் துண்டுகளோடு வாழ்கிறவர்கள். தொந்தரவு தராத துண்டை வைத்தியர்கள் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். வயது ஏறி நெஞ்சுநோயும் சேர்ந்த பிறகு துண்டு குத்தத் தொடங்கினால் கணக்குச் சிக்கலாகிறது. தோலடியில் தட்டுப்படுகிற துண்டை எடுப்பது ஒன்று, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடுவது வேறு. இரண்டாவதில் கொஞ்ச இரத்தக்கசிவும் கெடுதல்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதிகம் கெடுகிறது. வெட்டுக் காயக்காரருக்கு நம் வீடுகளில் பத்தியம். கீரை கூடாது, மரக்கறி குறைவு, உள்ளியும் மிளகும் போட்ட சரக்குக் கறி. கீரையில் நிறைந்திருப்பது விற்றமின் கே. முன்பு தினமும் முருங்கையிலை சாப்பிட்டவர் அதைச் சட்டென்று நிறுத்தினால், அதே வார்ஃபரின் அளவிலும் ஐ.என்.ஆர். ஏறிவிடும். அதோடு மெற்றோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். நோவுக்கு டைக்குளோபினாக் வாங்கிப் போட்டால் வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசியும். நோவுக்குப் பரசிட்டமோல் பாதுகாப்பு, அதையும் நாட்கணக்காக முழு அளவில் எடுத்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். கறுப்பு மலம், விடாத தலையிடி, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுவது என்று எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கிற சுவசெரிய அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல். அதற்கு முந்தைய காலத்தை நினைப்பவர்களுக்கு அந்த இலக்கம் மறக்காது.

முத்தையன்கட்டுக்காரரிடம் திரும்புவோம். இவருக்கு வால்வு வைத்தியர் ஓரிடம், சத்திரசிகிச்சை வைத்தியர் வேறிடம். இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். நடுவில் போய்வருவது இவரும் இவருடைய கிளினிக் புத்தகமும்தான். ஆகவே வைத்தியர் மருந்துத் துண்டு எழுதும்போதே, எந்த இரவு கடைசிக் குளிசை, எந்த இரவு திரும்ப முதற்குளிசை, எந்த நாள் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்குப் பேருந்தை நம்பாமல், வெள்ளிக்கிழமையே விடுதியில் படுத்துவிடலாமா என்றும் கேட்கலாம்.

அவர் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.என்.ஆர். ஏறி, ஊசி நின்று, தாளோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி அதைச் சுவரிலிருக்கும் நாட்காட்டியின் ஆணியிலேயே குத்திவைக்கிறார். அடுத்த சோதனை வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறது. நாட்காட்டியில் அந்த வியாழன் போயா. புதன்கிழமையே வரலாமா என்று கேட்க, அவர் வைத்தியசாலைக்கு அழைப்பு எடுக்கிறார்.