உங்களுக்குத் தெரியுமா? பழைய கார் 'லைட் அடிக்க' ஒரு ரிலே

★ 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான மோரிஸ் மைனர் காரில் ஹெட்லைட்டை டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச் ஸ்டியரிங் பக்கம் இருக்காது. கிளட்ச் பெடலுக்கு அருகே தரையில் இருக்கும். இடது காலால் மிதிக்க வேண்டும். அதுவும் ஹெட்லைட் எரிந்தால்தான் பயன். பகலில் எதிரே வருபவருக்கு ஒருமுறை லைட் அடித்துக் காட்ட வேண்டுமென்றால், டேஷ்போர்டு சுவிட்சைப் போட்டு, காலால் மிதித்து, மறுபடி அணைத்து முடிப்பதற்குள் அந்த வண்டி நம்மைக் கடந்து போயிருக்கும். அதனால்தான் இத்தகைய காரை இன்றும் ஓட்டுகிறவர்கள் தனியாக ஒரு பிளாஷ் சுவிட்சும், அதன் சுமையைத் தாங்க ஒரு ரிலேயும் பொருத்திக்கொள்கிறார்கள்.

★ முதலில் வந்த மைனர்களில் ஹெட்லைட்டுகள் கீழே, கிரில்லுக்குள் இருந்தன. அமெரிக்காவின் விளக்கு உயர விதிக்கு அது பொருந்தவில்லை. 1949-இல் ஏற்றுமதி வண்டிகளில் விளக்குகள் மட்கார்டு மேல் ஏறின. பிறகு எல்லா மைனருக்கும் அதே முகம்.

★ பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் பல்பு வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். இரவில் ஹெட்லைட் போடும்போது இந்த அதிர்ச்சி ஒரே ஒருமுறைதான். லைட் அடிக்கும்போது அப்படியில்லை. ஒவ்வொரு அடிக்கும் குளிர்ந்த இழை, ஒவ்வொரு அடிக்கும் அதே இழுப்பு. சுவிட்சின் உள்ளே இருக்கும் சிறு செம்புப் பட்டைதான் இதை முழுக்கத் தாங்க வேண்டும். ரிலே இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்த ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். தொடுமுனை இரண்டும் கரிபிடித்து, அம்மை போட்ட முகம்போல் குழி குழியாக இருந்தன. ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்திருந்தது. பிளாஸ்டிக் உருகிய வாடை இன்னும் போகவில்லை.

★ நெடும்பயணத்தில் களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரைகளைப் பூட்டுவார்கள். 'ரிலே' என்ற பெயர் அந்த வழக்கத்திலிருந்து வந்தது. தந்திக் கம்பியில் நெடுந்தூரம் போனால் மின்சாரம் சோர்ந்துவிடும். அங்கே புதிய மின்கலத்தைப் பூட்டிவிடும் கருவியாகத்தான் மின் ரிலே பிறந்தது. அமெரிக்க விஞ்ஞானி ஜோசஃப் ஹென்றி 1835 வாக்கில் இதைச் செய்து காட்டினார். சிறு கரண்ட் ஒரு சுருளைக் காந்தமாக்கும், காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தகடு பெரிய கரண்டுக்குக் கதவு திறக்கும். காரில் இருப்பதும் இதேதான்.

★ கணக்கைப் பாருங்கள். ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பின் பிரைட் இழை 60 வாட். இரண்டு பல்புக்கு 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ரிலே சுருளுக்குத் தேவை ஏறக்குறைய 0.15 ஆம்பியர். விரல் தொடும் சுவிட்சுக்கு இனி இவ்வளவுதான் வேலை.

★ ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் 'பிளாஷர் ரிலே' என்று கேட்டால் இண்டிகேட்டர் பிளாஷரைத்தான் எடுத்துத் தருவார்கள். அது தானாகவே நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை விட்டுவிட்டு எரியவைக்கும். முனைகளில் பி, எல், பி என்று பேட்டரி, லாம்ப், பைலட் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் இருக்கும். நமக்கு அது உதவாது. 'ஹெட்லைட் ரிலே, 12 வோல்ட், நாலு பின்' என்று கேளுங்கள்.

★ அந்த நாலு பின்னிலும் பெரும்பாலும் ஒரே எண்கள். ஜெர்மானியத் தரநிலை தந்தவை. 30 பேட்டரி. 87 விளக்கு. 85-உம் 86-உம் சுருளின் இரு முனைகள். பழைய லூகாஸ் 6ஆர்ஏ ரிலேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: டபிள்யூ1, டபிள்யூ2 சுருள், சி1, சி2 தொடுமுனை. உடல் உலோகம், தோற்றம் அக்காலத்தது. காரின் பழமை கெடக் கூடாது என்று நினைப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது நியாயமே.

★ லூகாஸ் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். பர்மிங்காமின் அந்த நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-இல் தொடங்கியது லூகாஸ் டி.வி.எஸ். சென்னையின் பாடி பகுதியில் அதன் ஆலை இருக்கிறது.

★ பிரிட்டிஷ் கார்களின் வயர் நிறங்கள் ஒரு மொழி. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வருவது. ஊதா, பியூஸ் வழியாக எப்போதும் கரண்ட் இருப்பது; ஹாரனுக்கு அதுதான் போகும். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதே கரண்ட் பியூஸ் தாண்டி வருவது. கறுப்பு, எர்த். ஹெட்லைட்டுக்கு நீலம்: சிவப்புக் கோடு போட்ட நீலம் டிம், வெள்ளைக் கோடு போட்ட நீலம் பிரைட். ரிலேயின் 87-ஐ இணைக்க வேண்டியது இந்தக் கடைசி வயரில்தான். அறுபது வருட அழுக்கில் எல்லா நிறமும் ஒன்றாகத் தெரியும். கனெக்டரின் ஸ்லீவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத அந்த அரை அங்குலத்தில் உண்மையான நிறம் இருக்கும்.

★ பழைய பிரிட்டிஷ் கார் ஹாரன் பட்டனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஹாரனுக்குக் கரண்ட் எப்போதும் வந்து நிற்கும். பட்டன் செய்வது எர்த் கொடுப்பது மட்டும். பிளாஷ் சுவிட்சையும் இதேபோல அமைப்பதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. சுருளின் ஒரு முனைக்கு பியூஸ் வழியாகக் கரண்ட். மறுமுனையிலிருந்து ஒரே ஒரு மெல்லிய வயர் சுவிட்சுக்கு. அங்கிருந்து பாடி எர்த். என்றாவது அந்த வயர் உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டாலும் வயர் எரியாது. ஹெட்லைட் தானாக எரியும், அவ்வளவுதான். நண்பர் ஒருவரின் மைனரில் இப்படித்தான் செய்தோம். சுவிட்ச் பொருத்துவதற்கு முன்பே, வயரின் நுனியை ஒரு போல்ட்டில் தொட்டுப் பார்த்தார். பானெட்டுக்குள் 'டிக்'. எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சம். அவர் முகத்திலும்தான்.

★ மைனரில் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் மைனஸ் அல்ல, பிளஸ்! சாதாரண ரிலேக்கு இது பொருட்டே இல்லை; சுருளில் கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் காந்தம் காந்தமே. ஆனால் சில ரிலேக்களுக்குள் ஒரு டயோடு இருக்கும். சுவிட்சை விடும்போது சுருளிலிருந்து கிளம்பும் உயர் மின்னழுத்தத்தை அது விழுங்கிவிடும். அந்த வகையில் 86-க்கு பிளஸ், 85-க்கு மைனஸ் என்பது கட்டாயம். மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியே ஷார்ட் ஆகும். வாங்கும்போதே ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். சுருளுக்குப் பக்கத்தில் முக்கோணமும் கோடும் இருந்தால் டயோடு உண்டு.

★ மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பழைய வயர், துருப்பிடித்த கனெக்டர், தேய்ந்த கால் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியரில் 1 வோல்ட் போய்விடும். 'பழைய காரின் லைட் மங்கல்தான்' என்பது பாதி உண்மை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து 2 சதுர மில்லிமீட்டர் வயரில் கரண்ட் கொடுத்தால் அதே பல்பு வேறு பல்புபோல் எரியும்.

★ மைனரில் பியூஸ்கள் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு பியூஸே கிடையாது! ஆகவே நீங்கள் புதிதாக இழுக்கும் வயருக்கு 15 ஆம்பியர் பியூஸ் வையுங்கள். பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு முந்தைய வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை.

★ அக்காலக் கார்கள் பலவற்றில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஐடிலில் ஒன்றும் தராது. டிம் எரியும்போது லைட் அடித்தால் இரண்டு இழையும் சேர்ந்து எரிவதால், ஹெட்லைட் மட்டுமே 20 ஆம்பியரை நெருங்கும். விரலை உடனே எடுத்துவிடுங்கள்.

★ யாழ்ப்பாணத்தில் 1990-களின் எரிபொருள் தடைக் காலத்தில் மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். தெருமுனை மெக்கானிக் கைக்கு அடங்கும் எளிமையே இந்தக் கார்களைக் காப்பாற்றியது. ரிலே வைப்பதும் அந்த எளிமைக்குள் அடங்குகிற வேலைதான்.

★ லைட் அடிப்பதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கச் சொல்கிறது. ஆனால் அங்கே பலரும் 'நீங்கள் போங்கள்' என்ற பொருளில் அடிக்கிறார்கள். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே, முந்தப் போகிறேன் என்று அறிவிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. நம் சாலைகளில் அது பெரும்பாலும் 'நான் வருகிறேன், நில்லுங்கள்'. வெளிநாட்டில் ஸ்டியரிங் பிடிக்கும் நம்மவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

★ கடைசியாக ஒன்று. வயரைத் தொடும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகும். மோரிஸ் மைனரில் அந்த எர்த் கேபிள், பிளஸ் கேபிள்.