விலை ஏறினால் வயிற்றில் கை வைக்காதீர்கள்



சம்பளம் வாங்கி மூன்றாவது வாரம் ஆகிவிட்டால் தோட்டக் கிளினிக்கில் மயக்கக் கேஸ்கள் கூடுகின்றன. இது எனக்குப் பல வருடமாகத் தெரிந்த கணக்கு. அண்மையில் காலைப் பெரட்டு முடிந்து காட்டுக்குப் போன ஒரு அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. விரலைக் குத்தி ரத்தத்தைப் பார்த்தேன். சீனி அளவு 3-க்கும் கீழே இருந்தது.

சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிந்த பிறகு, "ஏம்மா, பசியாறலையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கய்யா. இருந்த ரொட்டியைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டேன். சீனி போடாம கோப்பி ஓ குடிச்சிட்டு, இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"மாத்திரை தினம் போடறீங்களா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினம் போட்டா சீக்கிரம் தீர்ந்துடுது. கிள்ளானுக்குப் போய் வாங்கிட்டு வர கூலிக்கே காசு ஆகுதுங்க."

வீட்டுச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தது. காடிக்குத் தவணை எவ்வளவு என்று கேட்டேன். "முந்நூத்தி அறுபத்தஞ்சு" என்று யோசிக்காமல் சொன்னார். மகன் பெயரில் வாங்கியது. சாப்பாட்டுச் சாமானுக்கு மாதம் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கிறதைப் பொறுத்துத்தானுங்க" என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலைத்தான் இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். காடித் தவணை குறையாது, பேங்க் விடாது. கரண்டு பில் குறையாது. டெலிபோன் கட்டணம் குறையாது. கேட்க ஆள் இல்லாத செலவு ஒன்றே ஒன்றுதான், அது சோற்றுத் தட்டு. விலை ஏறும்போதெல்லாம் நாம் அதில்தான் கை வைக்கிறோம். அதிலும் தாய்மார்கள் தங்கள் தட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

விலையேற்றம் நமக்குப் புதிது அல்ல. 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலகப் போரினால் ரப்பருக்கு நல்ல கிராக்கி, சாமான் விலையும் ஏற்றம், ஆனால் கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஆர்.எச்.நாதன் தலைமையில் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு மருத்துவ வசதியும் இருந்தது, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். கூலியும் உடல்நலமும் ஒரே பிரச்சினை என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் அன்றே புரிந்து வைத்திருந்தார்கள். கள்ளுக்கடைக் கோரிக்கையை இன்று படிக்கும்போது சம்சு போத்தல் என் கண்முன் வருகிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

பிறகு 1974-ல் எண்ணெய் நெருக்கடியால் நம் நாட்டில் ஒரே வருடத்தில் விலைவாசி 17 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அண்மைக் கதை நீங்கள் அறிந்ததே. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குப் போனது. கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பரில் நீங்கியது, முட்டைக்கு இருந்தது 2025 ஆகஸ்டில் நீங்கியது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500-லிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். அந்த 200 வெள்ளி எங்கே போயிற்று என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை.

கிளினிக்கில் உட்கார்ந்து நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். தட்டிலிருந்து முதலில் போவது மீன். அடுத்து முட்டை, பிறகு காய்கறி. சோறு போவதில்லை, கூடுகிறது. பசியை அடைக்கவேண்டுமே! இரண்டு அகப்பை சோறு மூன்றாகிறது, மேலே குழம்புத் தண்ணீர், பிள்ளைகளுக்கு மேகி. களைப்புக்கு இனிப்புத் தேநீர். வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்குச் சத்து இல்லை, சீனி மட்டும் ஏறுகிறது. 2019-ல் அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர். இது பணக்கார வியாதி என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு நாள் என் கிளினிக் வாசலில் வந்து நிற்கட்டும்.

டின்பால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் டின்னை எடுத்து அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பால் என்றே இருக்காது, இனிப்புக் கிரீமர் என்றுதான் இருக்கும். அது செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்ந்த சரக்கு, பால் கொஞ்சம்தான். டின்னில் பாதிக்குக் கிட்ட சீனி. தேநீரில் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வது வேறு விஷயம். அதைச் சுடுதண்ணீரில் கலக்கி, பால்மாவு விலை ஏறிவிட்டது என்று குழந்தைக்குப் போத்தலில் கொடுக்கிறார்களே, அது கூடவே கூடாது. பிள்ளை குண்டாகத் தெரியும், ஆனால் உடம்பில் பலம் இருக்காது, பல் முளைக்கும்போதே கறுக்கும். அதேபோல் நாலு கரண்டி மாவு போடவேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டு நீட்டுவதும் ஆபத்து. எடை ஏறாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் கேட்டால், "மாவு மிச்சம் பிடிச்சேன்" என்பார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். காசும் வேண்டாம், போத்தல் கழுவும் வேலையும் இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பாலைக் கறந்து சுத்தமான பாத்திரத்தில், ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். எப்படி என்று தெரியாவிட்டால் என்னிடமோ, தாய்சேய் கிளினிக் மிஸ்ஸியிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள்.

சரி, குறைந்த காசில் என்னதான் சாப்பிடுவது? மீன் விலை ஏறினால் பருப்புக்குப் போங்கள். 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே தண்ணீர்ச் சாம்பார் வைக்காமல் கெட்டியாக வையுங்கள். தெம்பே, தவ்வு இரண்டும் பாசாரில் மலிவு. நம்ம ஆளுங்க "அது மலாய்க்காரர் சாப்பாடு, சீனர் சாப்பாடு" என்று ஒதுக்குகிறோம். சம்பல் போட்டு வறுத்தால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடும். நெத்திலியும் நல்லதே, ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இரண்டு தண்ணீரில் அலசி உப்பைப் போக்கவேண்டும். கீரையைக் காசு கொடுத்து வாங்கும் தோட்டத்து ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். லயத்துக்குப் பின்னால் முருங்கை, பசளி, காங்கோங், கறிவேப்பிலை எது வைத்தாலும் முளைக்கிற மண் இது. ஒரு எச்சரிக்கை: களைக்கொல்லி அடித்த இடத்திலும் வடிகால் ஓரத்திலும் கீரை பறிக்காதீர்கள், மருந்து வந்த டின்னில் செடி வைக்காதீர்கள்.

எண்ணெய்க்கு வருவோம். 2016 நவம்பரில் போத்தல் எண்ணெய்க்கான மானியம் நின்று, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய்க்கு மட்டும் என்று ஆனதிலிருந்து பொரித்த எண்ணெயைக் கறுக்கும்வரை வைத்துப் பொரிப்பது கூடிவிட்டது. ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. வாசம் மாறினால் கொட்டிவிடுங்கள். பொரிப்பதைக் குறைத்து அவித்தால் எண்ணெயும் மிச்சம், கேஸும் மிச்சம்.

தீபாவளிச் சாமான் வாங்கக் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்கும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கும் போகிறீர்கள். போங்கள், நானும் போகிறேன். நாலு குடும்பம் சேர்ந்து பருப்பு, மல்லி, மிளகாய் மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டால் விலை இறங்கும். துன் சம்பந்தன் பெயர் சாலையில் இருக்கிறது, அவர் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்து ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒரு மூட்டை பருப்புக்கு நாலு வீடு சேரமுடியாதா?

இனி மருந்து. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், மாத்திரையும் அதில் அடங்கும். செலவு மருந்தில் இல்லை, போய் வரும் கூலியிலும் அன்றைக்குப் பெயர் விழாமல் போவதிலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதைக் கேளுங்கள். டாக்டரைப் பார்க்கும் தேதிக்கு நீங்கள்தான் போகவேண்டும். இடையில் மாதாமாதம் மாத்திரை வாங்க வீட்டில் வேறு யாராவது உங்கள் கிளினிக் புத்தகத்தோடு போகலாம். பெரிய ஆஸ்பத்திரி மருந்தை வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். உடம்பு முடியாமல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பளத்தோடு லீவு உங்கள் உரிமை. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். கொடுக்க மறுத்தால் சங்கச் செயலாளரிடம் வாருங்கள்.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது மிச்சமல்ல. நம் நாட்டில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில் படுக்கவேண்டும். சொக்சோ சந்தாதாரருக்குத் தகுதி இருந்தால் செலவை அது ஏற்கும், ஆனால் உங்கள் வேலையை யார் செய்வது? அந்த அம்மாவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிரானது: சாப்பிடாமல் மாத்திரை போட்டார், சீனி இறங்கிவிட்டது. வேர்வை, நடுக்கம், கண் இருட்டு வந்தால் உடனே மூன்று சிறு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும், பிறகு ஏதாவது சாப்பிடவேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடிவாருங்கள்.

காடியைப் பற்றிச் சொன்னால் இளவட்டங்களுக்குக் கோபம் வரும். காடி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பஸ் வராத தோட்டத்தில் காடி ஆடம்பரம் அல்ல. பிரசவ வலி வந்த பெண்ணை நடு இரவில் பக்கத்து வீட்டுப் பையனின் காடியில்தான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 30,000 வெள்ளிக் கடன், 3.5 விழுக்காடு, ஒன்பது வருடம். வட்டியைக் கடைசிவரை முழு முதலுக்கே போடும் பழைய முறையில் வட்டி மட்டும் 9,450 வெள்ளி, மாதத்துக்கு 365. சம்பளம் 1,700-ல் சேமநிதியும் சொக்சோவும் போகக் கையில் வருவது சுமார் 1,500. தவணை போனால் 1,135. இதில் எண்ணெய், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் இன்னும் இருக்கின்றன. புதுக் காடிக்குப் பதில் பழைய காடி, அல்லது மோட்டார், அல்லது அண்ணன் தம்பி சேர்ந்து ஒன்று என்று முதலிலேயே யோசித்தால் மாதம் 200 வெள்ளி சமையலறைக்குத் திரும்பும்.

வாங்கியாகிவிட்டது, கட்ட முடியவில்லை என்றால் ஒளிந்துகொள்ளாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான், அதுவும் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் காடியை இழுக்கமுடியும். முக்கால்வாசிக்கு மேல் கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு வேண்டும். பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகக் கணக்குப் பார்த்துத் தவணையைக் குறைக்கப் பேசிக் கொடுக்கும். அங்கே போகாமல் ஆலோங்கிடம் போனவர்களையும் எனக்குத் தெரியும். ரத்தக் கொதிப்பு மாத்திரை கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்காத ஒருவருக்கு, கடன் தீர்ந்த மாதத்தில் தானாக இறங்கியது. நகையை அடகு வைத்தால் லைசென்ஸ் உள்ள கடையில் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. பேங்க் கார்டை யாரிடமும் அடகு வைக்காதீர்கள். 2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. அதை மருத்துவ அவசரத்துக்கு விட்டுவையுங்கள், போன் மாற்ற எடுக்காதீர்கள்.

அந்த அம்மா மறுவாரம் மகனோடு வந்தார். மூவரும் உட்கார்ந்து, கிளினிக்கில் கிடந்த பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் சம்பளத்தை எழுதினோம். முதல் வரியில் காடியை எழுதப் போனான் பையன். நான் பேனாவை வாங்கி முதல் வரியில் அரிசி, பருப்பு, முட்டை, அம்மாவின் கிளினிக் கூலி என்று எழுதினேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டெலிபோன் பிளானை மாத்திக்கலாம் ஐயா" என்றான். காடியை விற்கவில்லை. அம்மா இப்போது பசியாறிவிட்டுத்தான் பெரட்டுக்கு வருகிறார்.

நீங்களும் இதைச் செய்ய விரும்பினால் சம்பளச் சீட்டு, தவணைப் புத்தகம், கிளினிக் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வேலை முடிந்த பிறகு சாயங்காலம் கிளினிக்குக்கு வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட அழைத்து வாருங்கள்.