மெல்லச் செல்வோரின் நெடிய ஓட்டம்

ஓடுவது சிறுவர்க்கு உரியது, நடப்பதே பெரியவர்க்கு அழகு என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பள்ளியை விட்டு வெளியேறும் நாளிலேயே ஓட்டத்தையும் விட்டுவிடுகிறோம். பேருந்து புறப்படும் வேளையில் மட்டுமே அது நம் நினைவுக்கு வருகிறது! ஆயினும், சென்னை, கோவை முதலிய நகரங்களில் இன்று அரைமாரத்தான் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. நாற்பதையும் ஐம்பதையும் கடந்த ஆண்களும் பெண்களும் அவற்றில் கலந்துகொள்ள விழைகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, நாற்பத்தாறு வயதில் என்னால் முடியுமா?" என்று கேட்டார். "முடியும், ஆனால் அவசரப்படாதீர்கள்" என்றோம். அவ்விடையின் விளக்கமே இக்கட்டுரை.

தொலைவின் வரலாறு

1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராகவே இருந்தது. 1908-இல் இலண்டனில் வின்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கம் வரை ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரைமாரத்தான் ஆகும். முதன்மை வீரர்கள் இதனை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடக்கின்றனர். புதியவர்களுக்கோ இரண்டு முதல் மூன்று மணி நேரம் தேவைப்படும். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

நியூகாசில் கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்தின் வடகிழக்கே நியூகாசில் நகரில் ஆண்டுதோறும் 'கிரேட் நார்த் ரன்' என்னும் அரைமாரத்தான் நடைபெறுகிறது. 1976-ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற பிரெண்டன் ஃபாஸ்டர் என்பவர் இதனைத் தோற்றுவித்தார். 1981 ஜூன் 28 அன்று நிகழ்ந்த முதல் ஓட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் ஓடினர். 2014-ஆம் ஆண்டிற்குள் இவ்வோட்டத்தை நிறைவு செய்தோரின் மொத்த எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டிவிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற எளிய மக்களே.

அப்பாதையின் அமைப்பைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சாலை இறக்கமாகச் சென்று டைன் ஆற்றுப் பாலத்தை அடைகிறது. சுற்றிலும் பெருங்கூட்டம், ஆரவாரம்! புதியவருக்குக் கால்கள் தாமாகவே பறக்கின்றன. ஆனால் 16 கிலோமீட்டரைக் கடந்த பின்னரோ, மெல்ல மெல்ல மேலேறும் நீண்ட சாலை காத்திருக்கிறது. அதற்கும் அப்பால்தான் சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடிவுக்கோடு உள்ளது. முதல் அரைமணியில் வலிமையைச் செலவிட்டவர் அந்த ஏற்றத்தில் கடன்காரரைப் போலத் தவிப்பார். தொடக்கத்தில் தம்மை அடக்கிக்கொண்டவரோ அங்கே நிதானமாகச் செல்வார். எல்லா அரைமாரத்தான்களிலும் புதியவர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

எலும்புக்கும் காலம் கொடுங்கள்

இப்பாடத்தை நாமும் வலியுடனேயே கற்றோம். ஐம்பதைக் கடந்தபின், பள்ளி மைதானத்தில் விடியற்காலையில் ஓடத் தொடங்கினோம். இரண்டு வாரங்களில் மூச்சு இரைப்பது குறைந்தது. 'இனி நமக்கென்ன தடை?' என்று எண்ணி, தூரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் கூட்டினோம். மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தாங்கவியலா வலி! ஒரு மாதம் படியேறுவதே பெரும்பாடாயிற்று.

காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாண்களும் உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடினால், எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்புக்கூட உண்டாகலாம்.

ஆகவே, முதலில் அரைமணி நேரம் விரைந்து நடந்து பழகுங்கள். பின் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, சிறிது சிறிதாக ஓட்டத்தைக் கூட்டுங்கள். ஐந்து கிலோமீட்டர் துன்பமின்றிக் கடக்கும் நிலை வந்தபின், அரைமாரத்தானுக்கென மூன்று மாதங்களேனும் ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம் போதுமானது. அவற்றுள் ஒருநாள் மட்டும் நெடுந்தூரம் செல்லலாம். அந்நெடுந்தூரம் படிப்படியாக 16 அல்லது 18 கிலோமீட்டரை எட்டினால் போதும். கடைசி இரு வாரங்களில் பயிற்சியைக் குறைத்து உடலுக்கு ஓய்வளியுங்கள்.

வேகத்தை அளக்க ஒரு வழி உண்டு. உடன் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். சொற்கள் தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே நடப்பதும் தோல்வியன்று. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலவே, களைப்பு வருமுன்னரே சற்று நடந்து பின் ஓடும் முறையைப் புதியவர்களுக்குக் கற்பித்தார்.

உயிரோடு விளையாடலாகாது

2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் முழு, அரைமாரத்தான்களில் ஓடிய 1 கோடியே 9 இலட்சம் பேரைப் பற்றிய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. அவர்களுள் இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அரைமாரத்தானில் அவ்விடர் இன்னும் குறைவு. எனவே வீண் அச்சம் வேண்டா. ஆனால் அந்த 59 பேருள் 51 பேர் ஆண்கள் என்பதையும், மறைந்திருந்த இதயநோயே பலருக்குக் காரணமாயிற்று என்பதையும் மறந்துவிடலாகாது. நாற்பதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோருக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை அளவு திடீரெனத் தாழக்கூடும். கையில் இனிப்பு வைத்திருப்பது நலம்.

நம் நாட்டு வெயிலில் விடியற்காலையே ஓடத் தக்க நேரம். தாகத்திற்கேற்ப நீர் அருந்துங்கள். ஆனால் அளவு மீறாதீர்கள். 2002-இல் பாஸ்டன் முழு மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. மிகுதியாக நீர் பருகியது அதற்கு முக்கிய காரணம். ஓடும்போது நெஞ்சுவலியோ, தலைச்சுற்றலோ, மனக்குழப்பமோ தோன்றினால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது.

வீட்டிலிருந்துவிட்ட ஒருவர்

தொடக்கத்தில் குறிப்பிட்ட அக்குடும்பத் தலைவர் ஐந்து மாதங்கள் ஒழுங்காகப் பயின்றார். பணம் கட்டியாயிற்று, புதுக் காலணி வாங்கியாயிற்று, உறவினர் எல்லாரிடமும் சொல்லியும் ஆயிற்று. ஓட்டத்திற்கு முந்திய இரவு அவருக்குக் காய்ச்சல் கண்டது. "மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறேன்" என்றார். அவருடைய மனைவியோ, "நீங்கள் ஓடி முடிக்க வேண்டாம், வீடு திரும்பினால் போதும்" என்றார். அவர் போகவில்லை. மறுநாள் நம்மிடம் வந்து, "ஐந்து மாத உழைப்பும் வீணாகிவிட்டதே, சாமி" என்று கண்கலங்கினார்.

வீணாகவில்லை. அடுத்த ஆண்டு 2 மணி 50 நிமிடத்தில் அவர் முடிவுக்கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சிலரே. ஆயினும் சாலையோரத்தில் மனைவியும் மக்களும் நின்று கைதட்டினர். நம்மைக் கேட்டால், அவர் முந்திய ஆண்டு ஓடாதிருந்த நாளும் அப்பயிற்சியின் ஒரு பகுதியே என்போம்.

அன்பு வாசகர்களே, ஓட விரும்புவோர் நாளையே தொடங்குங்கள். ஆனால் அரைமணி நேர நடையோடு தொடங்குங்கள். நமக்காக வீட்டில் காத்திருப்போர் நாம் எத்தனையாவதாக வந்தோம் என்று கேட்கப் போவதில்லை. நலமாக வந்து சேர்ந்தோமா என்றே கேட்பார்கள்.