மருந்துப் பட்டியலை ஏன் திருத்த வேண்டும்?

டாக்டர் கணினியில் 'பாராசிட்டமால்' என்று தட்டுகிறார். திரையில் ஒன்றும் வரவில்லை! காரணம், கணினியில் உள்ள மருந்துப் பட்டியல் அமெரிக்காவில் தயாரானது. அங்கே அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். சால்புட்டமால் அங்கே ஆல்புட்டெரால்.

இதற்காகவே ஓப்பன்எம்ஆர்எஸ் போன்ற மருத்துவப் பதிவு மென்பொருள்களில் ஒரே மருந்துக்குப் பல பெயர்களைச் சேர்க்க வழி உண்டு. பாராசிட்டமாலின் வணிகப் பெயர்களான டோலோ, குரோசின் இரண்டும் ஒரே மருந்தோடு இணைந்திருந்தால்தான், ஒரே சீட்டில் இரண்டும் எழுதப்படும்போது கணினியால் கண்டுபிடிக்க முடியும்.

பெயரைவிட முக்கியமானது, எத்தனை நாளுக்கு எத்தனை முறை என்பது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். திரையில் தானாக வந்து நிற்கும் 'தினமும்' என்ற சொல்லை யாரும் கவனிக்காமல் விட்டால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். ஆகவே அந்த இடத்தில் 'வாரம் ஒரு முறை' என்றே முன்கூட்டிப் பதிந்துவைக்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சைக்குத் தினசரி தேவையென்றால், காரணத்தைக் குறிப்பிட்ட பிறகே மென்பொருள் வழிவிட வேண்டும்.