கால்களுக்கு வழி சொல்வது யார்?

ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோ மீட்டர். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. நீர்த்திவலைகள் புகைபோல் எழும் பாறை என்பதால் அந்தப் பெயர். தார் ரோட்டில் கை வீசி நடந்து வந்தவர்கள்கூட, அந்த ஈரப் பாறையில் இறங்கியதும் அடியைக் குறுக்கிக்கொண்டு, பாதத்தைப் பதித்துப் பதித்து நடப்பதைக் காணலாம். யாரும் சொல்லித் தரவில்லை. 'வழுக்கும்' என்று கண் சொல்கிறது, 'ஆமாம்' என்கிறது உள்ளங்கால். உடனே நடை மாறிவிடுகிறது!

நடப்பது காலின் வேலை என்றுதானே நினைக்கிறோம்? அதற்கு மூன்று உதவியாளர்கள் உண்டு. கண் வழியைப் பார்க்கிறது. உள்ளங்காலும் மூட்டுகளும் தரையின் தன்மையைத் தெரிவிக்கின்றன. உடம்பு சாய்கிறதா என்று உட்செவி கவனிக்கிறது. ஒருவர் லீவு எடுத்தால் மற்ற இருவரும் சமாளிப்பார்கள். இருவர் எடுத்தால் ஆபத்துதான்! சர்க்கரை வியாதியால் உள்ளங்கால் மரத்துப்போனவர் பகலில் தரையைப் பார்த்து நடந்துவிடுவார். விளக்கை அணைத்தால் தள்ளாடுவார்.

இதைவிட அதிசயமான சங்கதி ஒன்று உண்டு. 1817-ல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்த நடுக்குவாதம் கண்டவர்களில் சிலருக்கு, வாசற்படி அருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். "நடங்களேன் மாமா!" என்று அவசரப்படுத்திப் பயனில்லை. ஆனால் தரையில் குறுக்கே கோடுகள் போட்டால், அவரே ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விடுவதுண்டு! பர்டன் மார்ட்டின் என்ற வைத்தியர் 1967-ல் இதை எழுதினார். தாளமும் உதவுகிறது. 1996-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், தாளத்துக்கேற்ப மூன்று வாரம் நடந்து பழகிய நோயாளிகளின் வேகம் சராசரியாக 25 சதவிகிதம் கூடியது. தானாக அடி எடுக்க வைக்கும் மூளைப் பகுதி தளர்ந்தாலும், வெளியிலிருந்து வரும் குறிப்பு வேறு வழியாகக் காலை எழுப்புகிறது என்கிறார்கள் வைத்தியர்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அது பிடிவாதம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். டாக்டரைக் கலந்துகொண்டு, கால் நின்றுபோகும் இடத்தில் அவருடைய அடி அளவுக்கு இடைவெளி விட்டு வண்ண நாடா ஒட்டிப் பாருங்கள். பக்கத்தில் நின்று "ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். கூடத்திலிருந்து குளியலறை வரை இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வழியில் நழுவும் கால்மிதியை இன்றே எடுத்துவிடுங்கள்.